பயோட்டினைப் பிடிக்கும் புரதம்: அதன் கட்டமைப்பை நாமே திறந்து படிக்கும் முறை

பாளையங்கோட்டையிலும் திருநெல்வேலியிலும் சுற்று வட்டாரத்திலும் உள்ள கல்லூரிகளில் உயிர்வேதியியலோ விலங்கியலோ படிக்கும் மாணவர்களுக்கு “ஒரு புரதத்தின் முப்பரிமாண அமைப்பை விளக்குக” என்ற பணி வந்தால், பலரும் இணையத்தில் அகப்படும் முதல் வண்ணப் படத்தை அச்செடுத்துப் பதிவேட்டில் ஒட்டி, அடியில் இரண்டு வரி எழுதி முடித்துவிடுகிறார்கள். அந்தப் படம் யாரோ ஒருவர், ஏதோ ஒன்றைக் காட்டுவதற்காக, ஒரு கோணத்தில் நிறுத்தி எடுத்தது. அவர் காட்டாமல் விட்ட பக்கத்தில்தான் சில வேளைகளில் அந்தப் புரதத்தின் உயிர்நிலையே இருக்கும். வைட்டமினைப் பிணைக்கும் புரதம் ஒன்றை எடுத்து, ஒவ்வோர் அணுவும் எங்கே நிற்கிறது என்பது வரை இறங்கிப் பார்த்து, பார்த்ததை அளந்து எழுதுவதற்கு, இணைய இணைப்புள்ள ஒரு சாதாரணக் கணினியும் ஒரு மாலைப் பொழுதும் போதும்.

எந்தப் புரதத்தை எடுப்பது என்பதே முதல் முடிவு. ரெட்டினாலைச் சுமக்கும் புரதம், வைட்டமின் டி-யைப் பிணைக்கும் புரதம், பி12-ஐக் குடலில் ஏற்றுக்கொள்ளும் உள்ளார்ந்த காரணி என்று பல உண்டு. எனினும் முதன்முதலாகப் பழகுபவர்களுக்கு நான் பரிந்துரைப்பது, பயோட்டின் எனப்படும் வைட்டமின் பி7-ஐப் பிணைக்கும் ஸ்ட்ரெப்டாவிடின். இது சிறியது, பிடிக்கும் பொருளும் சிறியது, பிடியோ இயற்கையில் அறியப்பட்ட மிக வலிமையான பிடிகளுள் ஒன்று. எல்லாவற்றுக்கும் மேலாக, கட்டமைப்பைப் படிப்பவர்கள் வழக்கமாக இடறி விழும் ஓர் இடம் இதில் பளிச்சென்று தெரியும். அதைப் பின்னால் விரிவாகச் சொல்கிறேன்.

இதன் உறவினர் நம் வீட்டு அடுப்படியிலேயே இருக்கிறது. கோழிமுட்டையின் வெண்கருவில் உள்ள அவிடின் என்ற புரதமும் பயோட்டினை இதே முறையில்தான் பிடிக்கிறது. பச்சை வெண்கருவையே முதன்மை உணவாகப் பெற்ற எலிகளுக்குத் தோல் அழற்சியும் முடி உதிர்வும் வருவதை மார்கரெட் போவாஸ் 1927-இல் விவரித்தார். பின்னர் பால் கியோர்கி உள்ளிட்டோர், வெண்கருவில் உள்ள ஒரு புரதம் ஒரு வைட்டமினைப் பிடித்து வைத்துக்கொள்வதுதான் அதற்குக் காரணம் என்று 1940-களின் தொடக்கத்தில் நிலைநாட்டினார்கள். பூப்பெய்திய பெண்பிள்ளைகளுக்குப் பச்சை நாட்டுக்கோழி முட்டையும் நல்லெண்ணெயும் கொடுக்கும் வழக்கம் நம் பக்கத்தில் இன்னும் இருப்பதால், இதைப் படிக்கும் சிலருக்குக் கவலை வரக்கூடும். சில நாள் குடிப்பதால் பயோட்டின் குறைபாடு வந்துவிடாது. மஞ்சள் கருவிலேயே பயோட்டின் இருக்கிறது. நீண்ட காலம் நாள்தோறும் பச்சை வெண்கருவை மட்டும் மிகுதியாக உண்பவர்களுக்கே அந்த ஆபத்து உண்டு. (பச்சை முட்டையில் சால்மோனெல்லா கிருமி இருக்கலாம் என்பது வேறு கவலை, அது இந்தக் கட்டுரையின் எல்லைக்குள் வராது.) ஸ்ட்ரெப்டாவிடின், ஸ்ட்ரெப்டோமைசஸ் அவிடினி என்ற மண்வாழ் பாக்டீரியத்திலிருந்து 1960-களில் பிரித்தெடுக்கப்பட்டது.

திரையைத் திறப்பதற்கு முன் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, பயோட்டினின் அமைப்பைக் கையால் வரைந்துகொள்ளுங்கள். இந்தப் படியைத் தாண்டிச் செல்பவர்கள் பிறகு புரதத்தில் பயோட்டின் அமரும் குழிக்குள் எது எந்த முனை என்று தெரியாமல் தடுமாறுவதைப் பார்த்திருக்கிறேன். வின்சென்ட் டு விக்னோ 1942-இல் நிறுவிய அமைப்பு இது: ஒன்றோடொன்று ஒட்டிய இரண்டு ஐந்தணு வளையங்கள். ஒரு வளையத்தில் இரண்டு நைட்ரஜன்களும், அவற்றுக்கு இடையே ஒரு கார்பனும், அந்தக் கார்பனில் இரட்டைப் பிணைப்பால் நிற்கும் ஓர் ஆக்சிஜனும் உள்ளன. இதை யூரைடோ வளையம் என்பார்கள். மற்ற வளையத்தில் ஒரு கந்தகம் உண்டு. கந்தக வளையத்திலிருந்து நான்கு கார்பன் நீளமுள்ள ஒரு வால் நீண்டு, கார்பாக்சில் தொகுதியில் முடிகிறது. கார்பன் 10, நைட்ரஜன் 2, ஆக்சிஜன் 3, கந்தகம் 1 என்று ஹைட்ரஜன் நீங்கலாக மொத்தம் 16 அணுக்கள். யூரைடோ முனை, கந்தகம், வால் ஆகிய மூன்றையும் வரைபடத்தில் தனித்தனியே குறித்துக்கொண்டால், பின்வரும் வேலை எல்லாம் அந்த மூன்று இடங்களையும் யார் பிடிக்கிறார்கள் என்று தேடுவதாகவே அமையும்.

இனிப் புரதத் தரவு வங்கிக்குப் போகலாம். 1971-இல் தொடங்கப்பட்ட இந்த வங்கியில், உலகெங்கும் ஆய்வாளர்கள் கண்டறிந்த புரதக் கட்டமைப்புகள் யாவும் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. ஒவ்வொரு பதிவுக்கும் நான்கு எழுத்துகள் கொண்ட ஒரு குறியீடு உண்டு. நமக்கு வேண்டியது 1எஸ்டிபி (1STP). தேடல் பெட்டியில் அந்த எண்ணையும் மூன்று ஆங்கில எழுத்துகளையும் இடைவெளி இல்லாமல் தட்டச்சு செய்ய வேண்டும். பயோட்டினோடு கூடிய ஸ்ட்ரெப்டாவிடினின் படிகத்தை எக்ஸ் கதிரால் ஆராய்ந்து, 1989-இல் வெளியிடப்பட்ட கட்டமைப்பு அது. களக்காடு, அம்பாசமுத்திரம் பக்கம் வீட்டிலிருந்து கைப்பேசி இணைப்பில் வேலை செய்பவர்களும் தயங்க வேண்டாம். சுமார் ஆயிரம் அணுக்களே உள்ள சிறிய கோப்பு என்பதால் விரைவில் இறங்கிவிடும். ஆனால் கைப்பேசித் திரையில் விரலால் ஓர் அணுவைச் சரியாகத் தொடுவது பெரும்பாடு. சுட்டி இணைத்த கணினியே வசதி.

பதிவின் முதற்பக்கத்தில் படத்தைவிட முக்கியமான ஓர் எண் இருக்கிறது. அது பிரிதிறன், இங்கே 2.6 ஆங்ஸ்ட்ராம் (ஓர் ஆங்ஸ்ட்ராம் என்பது மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு). இந்த எண் சிறியதாக இருக்க இருக்கக் கட்டமைப்பு துல்லியமானது. 2.6 என்ற அளவில் முதன்மைச் சங்கிலியின் ஓட்டமும் பெரும்பாலான பக்கச் சங்கிலிகளின் திசையும் நம்பத்தக்கவையாகத் தெரியும். ஹைட்ரஜன் அணுக்கள் தெரியா. ஆகவே கோப்பில் ஹைட்ரஜனைத் தேடிக் காணாமல் ஏதோ பழுது என்று எண்ண வேண்டாம். சங்கிலியின் தொடக்கத்திலும் முடிவிலும் சில அமினோ அமிலங்கள் காணப்படாததற்கும் இதையொத்த காரணமே: அப்பகுதிகள் படிகத்துக்குள் நிலையாக ஓரிடத்தில் நில்லாமல் அசைவதால் அவற்றின் தடம் பதியவில்லை.

எண் வரிசையிலும் ஒரு கவனம் தேவை. முதிர்ந்த ஸ்ட்ரெப்டாவிடினில் 159 அமினோ அமிலங்கள். கட்டமைப்புக் கோப்பும் ஆய்வுக் கட்டுரைகளும் அந்த வரிசைப்படியே எண்ணுகின்றன. ஆனால் புரத வரிசைத் தரவகங்களில், செல்லுக்கு வெளியே அனுப்புவதற்காகத் தொடக்கத்தில் உள்ள 24 அமினோ அமிலக் குறிப்புப் பகுதியையும் சேர்த்து 183 என்று இருக்கும். எனவே கட்டமைப்பில் 120-ஆம் இடத்தில் உள்ள டிரிப்டோபன், அங்கே 144-ஆம் இடத்தில் நிற்கும். இரண்டு இடங்களிலிருந்தும் எண்களை எடுத்துக் கலந்து எழுதிய பதிவேடு தேர்வாளர் கையில் சிக்கினால் பதில் சொல்வது கடினம். எந்த வரிசையைப் பின்பற்றுகிறீர்கள் என்பதை முதல் வரியிலேயே எழுதிவிடுங்கள்.

பக்கத்தின் மேலே முப்பரிமாணக் காட்சிக்கான இணைப்பு இருக்கும். அதைச் சொடுக்கினால் மோல்ஸ்டார் என்ற பார்வைக் கருவி உலாவிக்குள்ளேயே திறக்கும்; எதையும் நிறுவ வேண்டியதில்லை. இடப்பொத்தானை அழுத்தி இழுத்தால் மூலக்கூறு சுழலும், சக்கரத்தை உருட்டினால் அருகிலோ தொலைவிலோ போகும். முதலில் எதையும் சொடுக்காமல், நாடாக்களாகத் தெரியும் உருவத்தைச் சற்று நேரம் சுழற்றிப் பாருங்கள்.

ஒரு சங்கிலியை மட்டும் கவனித்தால், எட்டு பீட்டா இழைகள் அடுத்தடுத்து எதிரெதிர்த் திசையில் ஓடி, வட்டமாக வளைந்து ஓர் உருளையாவது தெரியும். பத்தமடைப் பாயைச் சுருட்டி நிறுத்தினால் இதன் அமைப்பு கைக்கே புரிந்துவிடும்: நெட்டுக்கு நிற்கும் கோரைகள்தான் பீட்டா இழைகள், கோரைகளைக் குறுக்கே பிணைத்துச் செல்லும் பாவு நூல்கள்தான் இழைகளுக்கு இடையிலான ஹைட்ரஜன் பிணைப்புகள். வேறுபாடுகளும் உண்டு. புரதத்தில் எட்டு இழைகளும் ஒரே சங்கிலியின் மடிப்புகள்; அவை நேராக நில்லாமல் உருளையின் அச்சுக்குச் சாய்ந்து ஓடுகின்றன; முதல் இழையும் எட்டாவது இழையும் கூடத் தமக்குள் பிணைந்துகொள்வதால் உருளை மூடிக்கொள்கிறது. இழைகளை ஒன்றிலிருந்து எட்டு வரை விரலால் தொட்டு எண்ணிக்கொண்டே சங்கிலியைப் பின்தொடர்வது நல்ல பயிற்சி. அந்த உருளையின் ஒரு முனையில், உள்ளே ஆழமாக, பயோட்டின் செருகி நிற்கிறது.

இனி, மேலே சொன்ன இடறல். படிகத்தை ஆராய்பவர்கள், திரும்பத் திரும்ப வரும் அமைப்பில் தனித்துவமான மிகச் சிறிய பகுதியை மட்டுமே கோப்பில் எழுதுவது வழக்கம். மற்றவை சமச்சீர் விதிகளால் தாமே கிடைக்கும். 1எஸ்டிபி கோப்பில் எழுதப்பட்டிருப்பது ஒரே ஒரு சங்கிலியும் ஒரே ஒரு பயோட்டினும்தான். உண்மையில் கரைசலில் வேலை செய்யும் ஸ்ட்ரெப்டாவிடினோ நான்கு துணையலகுகள் (ஒவ்வொன்றும் ஒரு சங்கிலி) சேர்ந்த ஒரு தொகுதி. கோப்பை எழுத்துக் கோப்பாகத் திறந்தால், ரிமார்க் 350 என்று தொடங்கும் வரிகளில், அந்த ஒரு சங்கிலியை எப்படிச் சுழற்றி நகர்த்தினால் நான்கும் கிடைக்கும் என்ற கணக்கு எண்களாக எழுதப்பட்டிருப்பதைக் காணலாம்.

இதைக் கண்ணால் பார்க்க ஒரு சிறு சோதனை செய்யுங்கள். பார்வைக் கருவியின் வலப்பக்கப் பலகையில் ‘ஸ்ட்ரக்சர்’ என்ற பகுதியில் ‘டைப்’ என்று ஒரு தேர்வு உண்டு. அதை ‘மாடல்’ என்று மாற்றுங்கள். திரையில் ஒற்றைச் சங்கிலி மட்டும் நிற்கும். இப்போது பயோட்டினைச் சொடுக்கினால் காட்சி அதனருகே போய், சுற்றியுள்ள அமினோ அமிலங்களைக் குச்சிகளாகக் காட்டும். ஒவ்வொன்றின்மேலும் சுட்டியை வைத்து, கீழே ஓரத்தில் தோன்றும் பெயரையும் எண்ணையும் குறியுங்கள். டிரிப்டோபன்கள் மூன்று கிடைக்கும்: 79, 92, 108. பிறகு ‘டைப்’ தேர்வை ‘அசெம்ப்ளி’ என்று திருப்பி, நான்கு பயோட்டின்களில் ஏதேனும் ஒன்றைச் சொடுக்குங்கள். இம்முறை நான்காவதாக ஒரு டிரிப்டோபன், வேறு நிறத்தில், குழியின் வாயை அணைத்தாற்போல் வந்து நிற்கும். அதுதான் 120. நிறம் மாறுவதற்குக் காரணம், அது அடுத்த துணையலகுக்குச் சொந்தமானது. பயோட்டினைப் பிடிக்கும் குழி ஒரு சங்கிலிக்கு மட்டும் உரியதன்று. பக்கத்துச் சங்கிலி தன் கையை நீட்டி மூடினால்தான் அது முழுமையாகும். அந்த 120-ஆம் டிரிப்டோபனை அலனினாக மாற்றி உருவாக்கிய புரதத்தில் பிணைப்பு வலிமை பல மடங்கு குறைந்ததை ஆய்வாளர்கள் காட்டியுள்ளனர்.

ஒற்றைச் சங்கிலியை மட்டும் பார்த்து எழுதப்படும் விளக்கம் இந்தப் புரதத்தில் பாதி விளக்கமே. வலைப்பக்கத்தில் இயல்பாக முழுத் தொகுப்பே திறப்பதால் அங்கே பிழை நேர்வது குறைவு. கோப்பை இறக்கிப் பைமோல் போன்ற மென்பொருளில் திறப்பவர்களுக்கு ஒற்றைச் சங்கிலியே கிடைக்கும். அவர்கள் இறக்கும்போதே ‘பயோலாஜிக்கல் அசெம்ப்ளி’ என்ற கோப்பைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அப்படிச் செய்தும் சில வேளை ஒன்றுதான் தெரிகிறது என்று மாணவர்கள் வருவார்கள். பழைய வடிவக் கோப்பில் நான்கு பிரதிகளும் நான்கு மாதிரிகளாக எழுதப்பட்டிருப்பதால், மென்பொருள் முதல் மாதிரியை மட்டும் காட்டுகிறது. எல்லா நிலைகளையும் ஒருசேரக் காட்டும் வசதியை இயக்கினால் நான்கும் வந்துவிடும்.

முழுத் தொகுப்பை வைத்துக்கொண்டு குழிக்குள் இறங்குவோம். நீங்கள் வரைந்த பயோட்டின் படத்தைப் பக்கத்தில் வையுங்கள். திரையில் ஆக்சிஜன் சிவப்பாகவும் நைட்ரஜன் நீலமாகவும் கந்தகம் மஞ்சளாகவும் இருக்கும். ஹைட்ரஜன் பிணைப்புகளைக் கருவியே நீலப் புள்ளிக்கோடுகளாகப் போட்டுக் காட்டும். யூரைடோ வளையத்தின் ஆக்சிஜனை முதலில் பாருங்கள்: ஆஸ்பரஜின் 23, செரின் 27, டைரோசின் 43 ஆகிய மூன்றும் அந்த ஒற்றை ஆக்சிஜனை நோக்கித் திரும்பியிருக்கின்றன. ஓர் ஆக்சிஜன் மூன்று ஹைட்ரஜன் பிணைப்புகளை ஏற்பது, அதில் எதிர்மின் தன்மை கூடி நிற்பதைக் காட்டுகிறது. இந்தப் பிடியின் வலிமைக்கு இது ஒரு முதன்மைக் காரணம். வளையத்தின் இரண்டு நைட்ரஜன்களில் ஒன்றை ஆஸ்பார்ட்டிக் அமிலம் 128-உம், மற்றதைச் செரின் 45-உம் பிடிக்கின்றன. கந்தகத்தின் அருகே திரியோனின் 90 நிற்கிறது. வாலின் கார்பாக்சில் முனையில் செரின் 88-உம் ஆஸ்பரஜின் 49-உம் உள்ளன. இவற்றுள் ஆஸ்பரஜின் தன் பக்கச் சங்கிலியால் அன்றி முதன்மைச் சங்கிலியின் நைட்ரஜனால் பிடிப்பதைக் கவனியுங்கள்.

டிரிப்டோபன்களுக்கும் பயோட்டினுக்கும் இடையே புள்ளிக்கோடுகள் வராது. அதனால் அவற்றுக்குப் பங்கில்லை என்று எழுதிவிடக் கூடாது. அவை நீர்வெறுப்புத் தொடர்பாலும் நெருக்கமான பொருத்தத்தாலும் பயோட்டினின் உடலைச் சூழ்ந்து, நீரை வெளியே நிறுத்துகின்றன. கோடு போட்டதை மட்டும் எண்ணிப் பட்டியலிடுவது, கருவி சொன்னதைத் திருப்பிச் சொல்வதாகுமே தவிரப் புரதத்தைப் படித்ததாகாது.

கோடுகளை நம்புவதோடு நில்லாமல் தொலைவையும் அளந்துவிடுங்கள். தேர்வு முறையை இயக்கி, தேர்வின் நுணுக்கத்தை ‘ரெசிட்யூ’ என்பதிலிருந்து ‘ஆட்டம்’ என்பதற்கு மாற்றுங்கள். இதை மாற்றாவிட்டால் அணுவுக்குப் பதில் முழு அமினோ அமிலமும் தேர்வாகி, அளவு அதன் நடுவிலிருந்து எடுக்கப்படும். பிறகு யூரைடோ ஆக்சிஜனையும் டைரோசின் 43-இன் ஆக்சிஜனையும் சொடுக்கி, ‘மெஷர்மென்ட்ஸ்’ பகுதியில் ‘டிஸ்டன்ஸ்’ என்பதைச் சேர்த்தால் தொலைவு ஆங்ஸ்ட்ராமில் திரையிலேயே எழுதப்படும். ஹைட்ரஜன் தெரியாததால் நாம் அளப்பது கனமான இரண்டு அணுக்களுக்கு இடைப்பட்ட தொலைவு. அது 2.6 முதல் 3.2 வரை இருந்தால் ஹைட்ரஜன் பிணைப்பு என்று தயங்காமல் சொல்லலாம், 3.5-ஐத் தாண்டினால் கோணத்தையும் பார்த்த பிறகே சொல்ல வேண்டும். பிரிதிறன் 2.6 ஆக உள்ள கட்டமைப்பில் தொலைவை இரண்டு தசம இடங்களுக்கு எழுதிப் பெருமைப்படுவதில் பொருளில்லை. ஓர் இடம் போதும்.

செரின் 45-ஐச் சொடுக்கியிருக்கும்போதே, அதிலிருந்து 52 வரை செல்லும் கண்ணியையும் (இரண்டு இழைகளை இணைக்கும் வளைவு) பின்தொடருங்கள். பயோட்டின் இல்லாத ஸ்ட்ரெப்டாவிடினில் இந்தக் கண்ணி நிலையின்றி அசைகிறது. பயோட்டின் உள்ளே வந்ததும் அது குழியின்மேல் படிந்து மூடிபோல் நிற்கிறது. பிடித்த பயோட்டின் மீண்டு வெளிவருவது ஏன் இத்தனை அரிதாகிறது என்பதற்கு, இந்த மூடியும் பக்கத்துத் துணையலகின் டிரிப்டோபனும் சேர்ந்தே விடை தருகின்றன. மருத்துவப் பரிசோதனைக் கூடங்களில் பல சோதனைகள் இந்தப் பிடியை நம்பியே வடிவமைக்கப்பட்டுள்ளன. முடி உதிர்வுக்காக அதிக அளவு பயோட்டின் மாத்திரை சாப்பிடுபவர்களின் தைராய்டுச் சோதனை முடிவு சில வேளை பிழையாக வருவதும் இதனால்தான்: ரத்தத்தில் மிகுந்திருக்கும் பயோட்டின் சோதனைக் கலவையில் உள்ள குழிகளை முன்கூட்டியே அடைத்துவிடுகிறது. மாத்திரை சாப்பிடுபவர்கள் ரத்தம் கொடுக்கும் முன் மருத்துவரிடம் அதைச் சொல்ல வேண்டும்.

நேரமிருந்தால் முட்டை வெண்கரு அவிடினையும் அதே கண்ணால் பாருங்கள். அதன் குறியீடு 1ஏவிடி (1AVD); 1993-இல் வெளியான இது 2.7 ஆங்ஸ்ட்ராம் பிரிதிறன் கொண்டது. இங்கே கோப்பில் இரண்டு சங்கிலிகள் எழுதப்பட்டுள்ளன, தொகுதியோ நான்குதான். ஆகவே முன் செய்த சோதனையை இங்கும் செய்யாமல் இருக்க முடியாது. அவிடினின் ஒவ்வொரு சங்கிலியிலும் 128 அமினோ அமிலங்கள். ஆஸ்பரஜின் 17-இல் சர்க்கரைச் சங்கிலி ஒன்று ஒட்டியிருக்கும், ஸ்ட்ரெப்டாவிடினில் அது கிடையாது. ஆஸ்பரஜின் 12, செரின் 16, டைரோசின் 33 என்று யூரைடோ ஆக்சிஜனைப் பிடிப்பவர்கள் அதே மூவர், எண்கள்தான் வேறு. டிரிப்டோபன் 92 நின்ற இடத்தில் பினைல் அலனின் 79 நிற்கும். பக்கத்துத் துணையலகிலிருந்து நீளும் டிரிப்டோபனின் எண் இங்கே 110. ஸ்ட்ரெப்டாவிடினில் வாலின் கார்பாக்சில் முனையை இரண்டு அமினோ அமிலங்கள் பிடிக்கும்போது, அவிடினில் ஐந்து பிடிக்கின்றன: திரியோனின் 38, அலனின் 39, திரியோனின் 40, செரின் 73, செரின் 75. மூடும் கண்ணியும் சற்று நீளமானது. அவிடினின் பிரிகை மாறிலி (இது சிறியதாக இருக்க இருக்கப் பிடி வலிமையானது) மோலாரில் பத்தின் அடுக்கு மைனஸ் 15 என்ற அளவில் இருப்பதையும், பிடித்த பயோட்டினில் பாதி விடுபடுவதற்கே ஏறத்தாழ 200 நாள் ஆகும் என்பதையும் இந்த வேறுபாடுகளோடு வைத்துப் படிக்கலாம்.

கட்டமைப்பு நம்பத்தக்கதா என்று பார்க்கும் வேலையை மாணவர்கள் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். பதிவின் பக்கத்திலேயே சரிபார்ப்பு அறிக்கை உண்டு. அதில் முதலில் பார்க்க வேண்டியது ராமச்சந்திரன் வரைபடக் கணக்கு: முதன்மைச் சங்கிலியின் இரண்டு திருப்புக் கோணங்கள் அணுக்கள் ஒன்றையொன்று மோதாத பகுதிக்குள் விழுகின்றனவா என்பதை அது சொல்கிறது. இந்த வரைபடத்தைச் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். ராமச்சந்திரனும் அவருடைய உடனாய்வாளர்களான சி. ராமகிருஷ்ணனும் வி. சசிசேகரனும் 1963-இல் வெளியிட்டார்கள். அவர் பெயரின் தொடக்கத்தில் நிற்கும் ‘ஜி’ கோபாலசமுத்திரம். அந்தப் பெயருள்ள ஊர் பத்தமடைக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது என்பதை நம் மாவட்ட மாணவர்களுக்குச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. விலகி விழும் அமினோ அமிலங்கள் அறிக்கையில் எண்ணோடு பட்டியலிடப்பட்டிருக்கும். அவற்றுள் ஏதேனும் குழிக்குள் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். தொலைவில் ஒரு கண்ணியில் இருந்தால் நம் விளக்கத்துக்கு அதனால் பெரிய ஊறு இல்லை.

பதிவேட்டில் ஒட்டும் படத்தை இனி நீங்களே எடுக்கலாம். ஒன்று, நான்கு துணையலகுகளும் நான்கு நிறத்தில் தெரியும் முழுத் தொகுப்பு. மற்றொன்று, ஒரு குழியின் அண்மைக் காட்சி, அதில் டிரிப்டோபன் 120 எந்தத் துணையலகிலிருந்து வருகிறது என்பது நிறத்தால் விளங்க வேண்டும். பின்னணியை வெள்ளையாக வைத்தால் அச்சகத்தில் மை வீணாகாது. கறுப்பு வெள்ளையில் அச்செடுப்பவர்கள் நிறத்தை நம்பாமல் எண்களைக் கையால் எழுதிவிட வேண்டும். படத்தின் அடியில் பதிவுக் குறியீடு, பிரிதிறன், காட்டப்பட்டிருப்பது ஒற்றைச் சங்கிலியா முழுத் தொகுப்பா, எந்த எண் வரிசை, எந்தப் பார்வைக் கருவி என்ற ஐந்தையும் எழுதுங்கள். அளந்த தொலைவுகளுக்குப் பக்கத்துப் பக்கத்தில் ஓர் அட்டவணை போட்டு, ஒவ்வொரு வரியிலும் பயோட்டினின் அணு, புரதத்தின் அணு, அது முதன்மைச் சங்கிலியைச் சேர்ந்ததா பக்கச் சங்கிலியைச் சேர்ந்ததா, தொலைவு என்று நிரப்புங்கள். டிரிப்டோபன்களுக்குத் தொலைவுப் பத்தியில் நெருங்கிய இரண்டு கார்பன்களுக்கு இடைப்பட்ட அளவை எழுதி, அது நீர்வெறுப்புத் தொடர்பு என்று குறித்தால் போதும்.